ஆறேகால் அடி டிராக்டரும் ஐந்தரை அடிப் பாதையும்

டிராக்டர் வாங்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள், ஓட்டுகிறவரையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராமல், கம்பெனி நோட்டீஸை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு அலைகிற ஒரு ரகம் இருக்கிறதே, அதைக் கவனித்ததுண்டா?

கூமாப்பட்டி சங்கரலிங்கம் அண்ணாச்சி அந்த ரகம். ராஜபாளையத்தில் எந்த டிராக்டர் கடை திறந்தாலும் முதல் நோட்டீஸ் அவருக்குத்தான்; அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, டீக்கடையில், சலூனில், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூட விரித்து, "ஃபோர் வீல் டிரைவ்வே! அம்பத்தஞ்சு எச்.பி. முன்னால எட்டு கியர், பின்னால ரெண்டு. ஆயிரத்தி ஐநூறு கிலோவ அப்படியே தூக்கும்" என்று ஒப்பிப்பார். ஓட்டுவாரா? சைக்கிளையே தள்ளிக்கொண்டுதான் போவார்.

தொண்ணூற்று நாலில் அதே ஊர் முத்தாத்தாள் டிராக்டர் வாங்க அவரிடம் யோசனை கேட்டாள். புருஷன் பட்டாளத்தில், நெல்வயலை அவள்தான் பார்த்தாள். சின்ன வண்டி போதுமென்றுதான் நினைத்திருந்தாள்.

"சேத்துல பொதையும் தங்கச்சி. முன்சக்கரமும் சேந்து இழுக்கணும்!"

புருஷன் அனுப்பிய பணத்தில் சேர்த்ததெல்லாம் பெரிய வண்டிக்குப் போனது.

பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்தார்கள். நாற்று முதிர்ந்து நின்றது. புது டிராக்டர் மாலையோடு வந்து வயல் பாதையில் நின்றது. நின்றேவிட்டது. வண்டி அகலம் ஆறேகால் அடி, பாதையோ ஐந்தரை. ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் கல்சுவர்.

"பாதை எம்புட்டுன்னு பாக்கலியா அண்ணாச்சி?"

"நோட்டீஸ்ல வண்டி அகலம் போட்டிருக்கான் தங்கச்சி. பாதை அகலத்தத்தான் போடல."

முத்தாத்தாளுக்குக் கண் கலங்கியது. நாலு நாளில் நடாவிட்டால் நாற்று வீண். மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அது அண்ணாச்சியின் தென்னந்தோப்புச் சுவர்.

"நீங்களாப் பிரிச்சு உள்ள தள்ளிக் கட்டிக்கிடுதியளா, இல்ல வண்டியே பிரிக்கட்டுமா?"

டிரைவர் உக்கிரபாண்டி என்ஜினை ஒரு உறுமு உறுமவிட்டான். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கல்லைத் தானே பெயர்த்தார். பொழுது சாய்வதற்குள் பாதை ஏழடி. மூன்றாம் நாள் நடவு முடிந்தது. வண்டி சேற்றில் பிரமாதமாக உழுதது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் அந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபிரிட்ஜ் வாங்க யோசனை சொன்னீர்களே, அது அவர் வீட்டு வாசலுக்குள் நுழைந்ததா என்று ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.