மாப்பிள்ளையின் இரண்டு இருக்கைக் கார்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நானும் என் முதுகுவலியும் நலம். அங்கு நீயும் உன் பிடிவாதமும் நலம்தானே?

உன் வீட்டுக்காரர் தவறிப்போய் ஏழு மாதமாகியும் அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை நீ ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை, "என் கண்ணுல படாம வித்துடுண்ணா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய், நானும் ஓடுகிற நிலையில்தான் விற்க வேண்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன், அன்று பிடித்தது சனி. எண்ணெய் ஒழுகுகிற இடத்தை அடைத்தால் தண்ணீர் ஒழுகுகிறது, தண்ணீரை அடைத்தால் என் கண் ஒழுகுகிறது. முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான், கார்புரேட்டர் திருகைப் புத்தகத்தில் சொன்னபடி வைத்து ஷெட்டைப் பூட்டினால், காலையில் அது அரைச் சுற்று தள்ளி நிற்கிறது. சாவியோ என் இடுப்பில். ஓட்டுகிற இருக்கை பின்னால் போயிருக்கிறது, எனக்குக் கிளட்ச் எட்டவில்லை. மாப்பிள்ளை நெட்டையர் அல்லவா. பின்னால் வருகிற வண்டியைக் காட்ட வேண்டிய கண்ணாடி, பக்கத்து இருக்கையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நான் நேராக்குவேன், மறுநாள் அது திரும்பியிருக்கும். பதினோரு நாள் நாடா பிடித்து அளந்துவிட்டேன், ஒரு நூல் பிசகவில்லை. பயந்துவிட்டேன் என்று நினைக்காதே, உள்ளே போகுமுன் கனைத்துவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இன்ஜினைக் கொஞ்ச நேரம் காதால் கேட்டவர், "இது பழகின கை வெச்ச செட்டிங் சார். இனிமே நீங்க தொடாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த அரைச் சுற்றோடு மேட்டு வளைவில் ஓட்டிப் பார்த்தபோது என் வயதே மறந்துபோனது. சந்தோஷத்தில் விசில் அடித்தேன். நான் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. காற்றாக இருக்கும்.

எப்படியோ, ஞாயிறன்று பல் டாக்டர் ஒருவர் வாங்கிக்கொள்ள வருகிறார். கொடுத்துவிடுகிறேன், நீ நிம்மதியாக இரு. காரில் ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: ஸ்டாம்ப் தேடியதில் ஞாயிறே வந்துவிட்டது, பல் டாக்டரும் வந்துவிட்டார். சாவியைத் திருப்பினார், ஒரு முனகல்கூட இல்லை. அவர் போனபின் நான் தொட்டதும் பிடித்துக்கொண்டது. உள்ளே பார்த்தால் பக்கத்து இருக்கை நான்கு விரற்கடை முன்னால் வந்திருக்கிறது, சரியாக உன் உயரத்துக்கு. விற்கவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு வா. நானும் கூட வருவேன், ஆனால் இருப்பது இரண்டே இருக்கை. நீ வழக்கம்போல, "என்னைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிரு.