காத்துக்கட்டி சாமியின் வேல்

மதுக்கரைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அமாவாசை வந்தால் போதும், அதன் முன்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கும். மில் முதலாளியின் கான்டெஸா, டாக்டரின் பியட், வாடகை அம்பாசடர் என்று பேதமே கிடையாது. சமத்துவம் வேறெங்கே வந்ததோ இல்லையோ, ஏமாறுவதில் நமக்கு என்றைக்கோ வந்துவிட்டது. உள்ளே காத்துக்கட்டி சாமி. மனிதரைப் பிடிக்கும் பேய்களை ஓட்டுகிற தொழிலில் போட்டி அதிகம் என்பதால், என்ஜினைப் பிடிக்கும் பேய்களை ஓட்டக் கிளம்பியிருந்தார்.

சிங்காநல்லூர் தம்பிதுரை அங்கே போனதற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். அவர் வாடகைக்கு ஓட்டிய அம்பாசடர் நின்ற இடத்தில் உதறியது, நடுநடுவே கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. மெக்கானிக் இல்யாஸ் திறந்து பார்த்துவிட்டு, "காத்து சாஸ்தியா சேர்ந்துபோச்சுங்ணா" என்றார். பெட்ரோலோடு கலக்கிற காற்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். தம்பிதுரை காதிலோ காத்து, கருப்பு என்றே விழுந்தது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை மதுக்கரைக்கு விரட்டினார். கேட்டிருந்தால் புத்தி வந்து தொலைத்திருக்குமே!

சாமி என்ஜின்மேல் சிவப்புத் துணியைப் போர்த்தினார். கையடக்கமான ஒரு வேலோடு கையை உள்ளே விட்டு முணுமுணுத்தார்.

"செத்துப்போன டிரைவரோட காத்து. லேசுல எறங்காது. அடுத்த அமாவாசைக்கு வண்டிய இங்கயே உட்டுப்போட்டுப் போயிரு. இல்லீன்னா ஊட்ல ஒரு உசுரு போகும்."

இப்படி விட்டுப்போன வண்டிகளெல்லாம் பாலக்காட்டுப் பக்கம் நல்ல விலைக்குப் போயின. பேய்க்கு மலையாளம் தெரியாது போலிருக்கிறது.

"வண்டியக் குடுத்துப்போட்டு சோத்துக்கு என்னங்க பண்றது?" என்று வீட்டில் கேட்டாள் தம்பிதுரையின் மனைவி நாச்சியம்மாள். அந்த வண்டி ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

"உசுரு பெருசா, வண்டி பெருசா அம்மணி?"

அவள் இல்யாஸை வீட்டுக்கே வரவழைத்தாள். சாமி சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தேவிட்டார். "ஒரு பங்கு பெட்ரோலுக்கு, எடைக்கணக்குல பதினஞ்சு பங்கு காத்து வேணுங்கக்கா. காத்து கூடினா வண்டி தும்மும். கொறஞ்சா கரும்புகை கக்கும். அவ்வளவுதான் பேய்." கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகினார். வண்டி உதறலை விட்டு அமைதியாக ஓடியது. நாச்சியம்மாள் உள்ளே போய்ச் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்தாள். ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை நேராக ஒரு கோடு இழுத்தாள். "யாராச்சும் திருகினாத் தெரியோணுமல்லங்க?"

வண்டி நன்றாக ஓடுகிறதே, தம்பிதுரை தெளிந்தாரா? "காத்து பயந்து பதுங்கியிருக்குது அம்மணி" என்று அமாவாசையன்று சாவியை எடுத்துக்கொண்டார். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

கொட்டகையில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாமி துணியைப் போர்த்தினார். வேல் உள்ளே போனது. வண்டி உதறியது, தும்மியது, நின்றேபோனது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தீங்களா? சாவியக் குடு."

தம்பிதுரை பக்தியோடு சாவியை நீட்டினார். நாச்சியம்மாள் துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் வந்து பாருங்க! நேரா நான் போட்ட கோடு இப்ப எப்படிக் கெடக்குது?"

கோடு இரண்டாக முறிந்திருந்தது. இரும்பில் பாதி அப்படியே இருக்க, ஸ்க்ரூவில் இருந்த பாதி குறுக்கே திரும்பிக் கிடந்தது. அவள் சாமியின் கையிலிருந்து வேலை வாங்கித் திருப்பிக் காட்டினாள். அடிமுனை ஸ்க்ரூடிரைவர் மாதிரி தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அந்தத் தட்டை முனையில் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"காத்துக்கு நகப்பூச்சு போடற பழக்கமுங்களா சாமி?"

அதே வேலால் கோடு நேராகும்வரை ஸ்க்ரூவைத் திருப்பினாள். "சாவியப் போடுங்க" என்றாள் புருஷனிடம். வண்டி சீராக ஓடியது. தம்பிதுரைக்குத் தலை நிமிரவில்லை. திரும்பிப் பார்த்தால் சாமியைக் காணோம்.

கூட்டத்தில் டாக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "ஏனுங்க அம்மணி, அப்ப எங்க காருக்கு வேற நல்ல சாமி யாராச்சும் இருக்காங்களா?"

என்ஜினுக்குப் பதினைந்து பங்கு காற்று வேண்டும், ஒத்துக்கொள்கிறோம். மண்டைக்குள்ளும் முழுக்கக் காற்றேதான் இருக்க வேண்டுமா, ஐயா?