ஒப்புதல் பெற்ற பிழைகள்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் அறிவிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில்தான் வெளிவர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. பொதுமக்கள் எழுதும் கடிதங்களும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் வாங்கப்படும். உலகத் தரத்தை எட்டுவதற்காக எடுத்த முடிவு அது. தண்ணீரை உலகத் தரத்துக்குக் கொண்டுவர ஏகப்பட்ட செலவாகும். அறிவிப்பைக் கொண்டுவர ஓர் எழுத்தர் போதும்.

அந்த எழுத்தரை எல்லாரும் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தெட்டு, இடது முட்டியில் தேய்மானம். பத்தொன்பது வருடமாக அவர் கைவழியாகப் போன அறிவிப்பில் ஒரு கமாகூட இடம் மாறி விழுந்ததில்லை. அந்தப் பத்தொன்பது வருடமும் அறிவிப்பைப் படித்த ஜனங்கள் நேராக அலுவலகத்துக்கு வந்து, "நாளைக்குத் தண்ணி வராதுன்னு போட்டிருக்கீங்களே, ஏன் வராது?" என்று சத்தம் போட்டார்கள். நியாயமான கேள்வி என்பதால் யாரும் பதில் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கமா அக்கா பல்வலிக்காக அரைநாள் விடுப்பு எடுத்தார். அன்று பார்த்து நான்கு தெருக்களுக்கு மூன்று நாள் தண்ணீரை நிறுத்த வேண்டி வந்தது. வேறு ஆள் இல்லாததால் மோட்டார் ஓட்டுகிறவரே அறிவிப்பைத் தட்டச்சு செய்து இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். நான்கே வரி, பதினோரு பிழை. தண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. வருந்துகிறோம் என்பதற்கான சொல்லில் இரண்டு எழுத்து கூடியிருந்தது. ஆக மொத்தத்தில் அலுவலகத்துக்கு நஷ்டம் இல்லை.

மறுநாள் காலை அதைப் பார்த்த கமா அக்காவுக்கு வலிக்காத பல்லும் வலித்தது. அதற்குள் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். அவர்தான் அலுவலகத் தலைவர். கூட்டம் வரும் என்று முன்தினமே வாசல் கதவைப் பூட்டச் சொல்லி, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்திருந்தார்.

"ஒருத்தர்கூட வரலை. என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"எல்லாரும் இணையப் பக்கத்துல இருக்காங்க சார். மூவாயிரத்து இருநூறு பேர் எழுதியிருக்காங்க."

"தண்ணியைப் பத்தி எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"அந்த ரெண்டு பேருக்கு நாம என்ன பதில் சொன்னோம்?"

"சொல்ல வேண்டி வரலை சார். மத்தவங்களே பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. முதல்ல ஒழுங்கா எழுதக் கத்துக்கோ, அப்புறம் தண்ணி கேளுன்னு."

பொறியாளர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே வெறிச்சோடிக் கிடந்த வாசலை வெகுநேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருட சேவையில் அவர் இவ்வளவு நிம்மதியாக ஒரு வாசலைப் பார்த்ததில்லை.

அந்த வாரமே பிழைத் திட்டம் அமலுக்கு வந்தது. அட்டவணை ஒன்று தயாரானது. அரைநாள் நிறுத்தத்துக்கு ஒரு பிழை. மூன்று நாளுக்கு நான்கு. தண்ணீர் கலங்கலாக வந்தால் ஐந்து, அதில் ஒன்று கட்டாயம் தலைப்பில். பொதுமக்கள் மனுவை நிராகரிக்கும் கடிதத்துக்கு இரண்டு. கமா அக்கா முதல்நிலைப் பிழை அலுவலராகப் பதவி உயர்வு பெற்றார்.

"சார், எனக்குத் தப்பா எழுத வராது," என்றார் கமா அக்கா. அழாத குறை.

"வராததுக்குத்தானே பயிற்சி இருக்கு."

மோட்டார் ஓட்டுகிறவர் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். தன்னடக்கமான மனிதர். "இது சொல்லிக் குடுத்து வர்றதில்லை மேடம். யோசிக்காம அடிங்க, தானா வரும்," என்றார். யோசிக்காமல் இருக்கக் கமா அக்காவுக்கு ஒரு மாதம் பிடித்தது. பொறியாளர், நான் யோசித்ததே இல்லையே என்று ஊக்கம் கொடுத்தார்.

பிழை என்றால் கண்டபடி எழுதிவிட முடியாது. ஒவ்வொரு பிழையையும் கோப்பில் குறித்து, மூன்று பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியிடலாம். கண்காணிப்பாளர் ஒருநாள் பழக்க தோஷத்தில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டார். தக்க முன்அனுமதியின்றிச் சரியாக எழுதியது ஏன் என்று அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. கவனக்குறைவால் சரியாகிவிட்டது, இனி ஒருபோதும் நிகழாது என்று எழுதிக் கொடுத்துத் தப்பினார்.

திட்டம் சக்கைப்போடு போட்டது. ஊரில் குழாய்கள் காற்று விட்டன, ஜனங்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தவர் கமா அக்காவின் வீட்டுக்காரர். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சுவரில் மாட்டிய அட்டையில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கண்ணை அளப்பார். எழுத்து தெரிகிறதா என்பதுதான் அவர் தொழில். எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது அவர் தொழிலில் வராது. இணையத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். யார் எங்கே என்ன எழுதினாலும் பிழையைப் பிடித்து நாலு பேர் பார்க்க வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அவரைப் பின்தொடர்கிறவர்கள் பதினாலாயிரம் பேர். கல்யாணத்துக்கு முன்பு கமா அக்கா எழுதிய முதல் கடிதத்தைக்கூடச் சிவப்பு மையால் திருத்தித்தான் திருப்பி அனுப்பினார். நம்மை இத்தனை கவனமாகப் படிக்கிற மனிதர் என்று கமா அக்கா அன்றைக்கே மனம் நெகிழ்ந்துவிட்டார்.

பதவி உயர்வை மட்டும் கமா அக்கா வீட்டில் சொல்லவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்.

"உன் இடத்துல எந்தத் தறுதலையைப் புடிச்சு உட்கார வெச்சிருக்காங்க?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்டார். "எழுதத் தெரியாத ஜென்மம்."

"பாவம், புதுசு," என்பார் கமா அக்கா. அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாம் மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுச் சாவி தொலைந்துபோனது. முழங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி, எப்படித் தொலைந்தது என்று தெரியவில்லை. பட்டறையில் சொன்னால் ஒரே நாளில் புதுசு செய்து தருவார்கள். ஆனால் பழைய சாவியை ஒப்படைத்தால்தான் புதிய சாவி வாங்கலாம் என்பது விதி. பொறியாளர் ஆழ்ந்து பரிசீலித்து, அந்த மண்டலத்தின் ஏழு தெருக்களுக்கும் குழாய்த் தண்ணீரை நிரந்தரமாக நிறுத்திவிட முடிவு செய்தார். வாரம் இருமுறை தெருமுனைக்கு லாரி வரும்.

ஏழில் ஒன்று கமா அக்காவின் தெரு. வீடு மூன்றாவது மாடியில், மொத்தம் அறுபத்திரண்டு படி. வீட்டுக்காரருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை ஆகி மூன்று மாதம்தான், கனம் தூக்கக்கூடாது. மிச்சம் இருப்பது கமா அக்காவின் முட்டி.

ஒரே ஒரு வழி இருந்தது. நிரந்தர நிறுத்தம் என்றால் பத்து நாள் அவகாசம் தர வேண்டும். அந்தத் தெருக்களில் யாராவது ஒருவர் அந்த அவகாசம் முடிகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் ஆட்சேபித்தாலும் திட்டத்தைக் கைவிட வேண்டும். ஒரே ஓர் ஆள் போதும். ஆனால் அலுவலக ஊழியர்கள் ஆட்சேபிக்கக் கூடாது.

"இதுக்கு எத்தனை பிழை சார்?" என்று கமா அக்கா கேட்டார்.

"பன்னிரண்டு போடுங்க. ரிஸ்க் வேண்டாம்."

கமா அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக மேலதிகாரி சொல்லை மீறினார். ஒரு பிழையும் இல்லாமல் எழுதினார். இந்த ஒரு தடவையாவது ஜனங்கள் விஷயத்தைப் படிக்கட்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினார். மூன்று பேர் அதைச் சரிபார்த்து, பன்னிரண்டு பிழைகளும் முறையாக உள்ளன என்று கையெழுத்திட்டார்கள்.

அறிவிப்பு வெளியானதும் இணையத்தில் ஒரு மணி நேரம் மூச்சுப்பேச்சில்லை. எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர், எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, வேறு யாருக்காவது கிடைத்ததா என்று கேட்டார். யாருக்கும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான், ஊரே துள்ளிக் குதித்தது. நாற்பதாயிரம் பேர் பாராட்டினார்கள். ஒரு பயிற்சி நிலையம் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. முற்றுப்புள்ளி கண்கலங்கி, 'ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய அறிவிப்பு' என்று எழுதினார்.

பொறியாளருக்கும் உச்சி குளிர்ந்தது. "தப்பா எழுதினாலும் படிக்கலை, சரியா எழுதினாலும் படிக்கலை. பெரிய கண்டுபிடிப்பு மேடம்," என்றார்.

ஆட்சேபம் எதுவும் வரவில்லை. கமா அக்கா எதிர்வீட்டு அத்தையைப் பிடித்துக்கொண்டார். "அத்தை, நம்ம குழாயை மூடப் போறாங்க. அறிவிப்புல இருக்கு, பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. என்ன அழகான இங்கிலீஷு. குழாயை மூடறதா இருந்தா உன் வீட்டுக்காரர் சும்மா விட்டிருப்பாரா? அவரே பாராட்டி எழுதியிருக்காரே."

வியாழக்கிழமை காலை கமா அக்கா பொறுமை இழந்தார். "அந்த அறிவிப்பைப் படிச்சீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"அஞ்சு தடவை."

"என்ன சொல்லுது?"

வீட்டுக்காரர் உச்சந்தலையைச் சொறிந்தார். "ஏதோ தண்ணி சம்பந்தமா," என்றார்.

கமா அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சாவி, லாரி, அறுபத்திரண்டு படி, பதவி உயர்வு, எதையும் விடவில்லை. வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குழாய் போகிறது என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டார். "அந்தத் தறுதலை நீயா?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான். நாளைக்குள்ள நீங்க ஆட்சேபிச்சு ஒரு கடுதாசி எழுதுங்க. ரெண்டு வரி போதும்."

வெள்ளிக்கிழமை அவர் கடைக்கு லீவு போட்டார். மதியம் இரண்டு மணிக்குக் கமா அக்கா அலுவலகத்திலிருந்து போன் செய்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ரெண்டாவது பத்தியில ஒரு சொல் உறுத்துது."

"உறுத்தட்டும், கொண்டு வாங்க."

"என் பேர்ல போறது. பதினாலாயிரம் பேர் என்னை நம்பி இருக்காங்க."

நாலு மணிக்கு இரண்டாவது பத்தி சரியாகி, முதல் பத்தி உறுத்த ஆரம்பித்திருந்தது. கமா அக்கா வாசலுக்கு வந்து நின்றார். நாலு ஐம்பதுக்கு ஒருவழியாக வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். "நீ உள்ளதானே போறே, குடுத்துடு," என்று கடிதத்தை வாசலில் நீட்டினார். தபால் பெறும் ஜன்னல் இருபது அடி தூரத்தில் இருந்தது. பத்து நிமிடம் இருந்தது. கமா அக்காவுக்கு மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நடந்துகொண்டே கடிதத்தைப் பிரித்தார். சும்மா ஒரு பார்வைதான். மூன்றாவது வரியில் ஒரு கமா இல்லை.

போகட்டும் என்று நாலு அடி வைத்தார். கால் போனது, மனசு போகவில்லை. பேனாவை எடுத்துக் கமாவைப் போட்டார். அது கொஞ்சம் தடித்துப் பக்கத்து எழுத்தின்மேல் வழிந்தது. இதை எப்படிக் கொடுப்பது? கைக்கெட்டும் தூரத்தில் கணினி இருந்தது. இரண்டு வரிதானே, இரண்டு நிமிடம் போதும் என்று உட்கார்ந்தார். இரண்டு வரி கேட்டதற்கு வீட்டுக்காரர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். தட்டி முடித்து, வாசலுக்கு ஓடிக் கையெழுத்து வாங்கி, ஜன்னலுக்கு வந்தபோது மணி ஐந்து கடந்து ஆறு நிமிடம். ஜன்னல் மூடியிருந்தது. அந்த அலுவலகத்தில் குறித்த நேரத்தில் நடக்கிற ஒரே காரியம் அதுதான்.

அடுத்த வியாழக்கிழமை லாரி வந்தது. லாரியின் பக்கவாட்டில் 'தூய குடிநீர்' என்று ஆங்கிலத்தில் தப்பாக எழுதியிருந்தது. வரிசையில் நின்றவர்களெல்லாம் அதைப் படம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் பாதித் தண்ணீர் தெருவில் போயிற்று. எதிர்வீட்டு அத்தை குடம் நிரம்பி வழிவது தெரியாமல், இதையெல்லாம் கேட்பார் இல்லையா என்று கொதித்தார்.

கமா அக்கா இரண்டு வாளியோடு படி ஏறினார். முப்பத்தொன்றாவது படியில் முட்டி சொன்னபடி கேட்கவில்லை. மேலே வீட்டுக்காரர் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தார். தபாலில் வந்த நிராகரிப்புக் கடிதம். தங்கள் ஆட்சேபம் ஆறு நிமிடம் தாமதமாக, மூடிய ஜன்னலின் இடுக்கில் கிடைத்ததால் ஏற்பதற்கில்லை, எனினும் தங்கள் மொழிநடை பாராட்டத்தக்கது என்று எழுதியிருந்தது.

"பார்த்தியா," என்று அவர் மேலிருந்தே கேட்டார். ஒரு வாரமாகச் செத்துக் கிடந்த முகத்தில் களை வந்திருந்தது. "இதுல ஒரு பிழை இருக்கு."

கமா அக்கா வாளிகளை இறக்கி வைத்தார். மூச்சு வாங்கியது. அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் தயாரித்தவரே அவர்தான்.

"ரெண்டு," என்றார். "நல்லாப் பாருங்க."

வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தார். கமா அக்காவும் வாளியை மறந்துவிட்டு, கண்டுபிடிக்கிறாரா என்று ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றார்.