சேற்றில் நின்று வைத்த பேர்

இயற்கையை நேசிக்கிறவன் என்று என்னைப் பற்றி நானே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். லேப்டாப் முகப்பில் ஒரு மலை, போன் முகப்பில் ஒரு அருவி, சென்னீர்குப்பம் ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு மணிபிளாண்ட். (அந்த மணிபிளாண்ட் பிளாஸ்டிக் என்பதை வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் கிள்ளிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதுவரை நான் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.) இப்பேர்ப்பட்டவன்தான் தன் மகளுக்கு இயற்கையிலிருந்து ஒரு பேர் எடுத்துத் தருவேன் என்று கிளம்பினேன்.

பேர் சின்னதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. என் பேர் தாணுமாலயப்பெருமாள். நாகர்கோவில் பக்கம் இது ஒரு பேர். சென்னைக்கு வந்தால் இது ஒரு பத்தி. டோக்கன் கூப்பிடுகிற இடங்களில் பாதிப் பேரில் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆபீஸில் வடக்கத்திக்காரர்கள் சேர்ந்து என்னை 'டானு' ஆக்கிவிட்டார்கள். இந்தத் துன்பம் என்னோடு போகட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

மகள் பிறந்தபோது என்னைப் பிரசவ அறைக்குள் விடவில்லை. (விட்டிருந்தால் நானும் மயங்கி விழுந்து இன்னொரு கட்டிலை அடைத்திருப்பேன்.) கதவுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு துணிச் சுருளை என் கையில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு முழு ஆள். சுண்டுவிரல் நகம் வரைக்கும் வேலை முடிந்திருந்தது. எங்கிருந்து வந்தாள் இவள், நேற்றுவரை எங்கே இருந்தாள் என்று எனக்குப் புரியவே இல்லை. சந்தோஷத்தைவிட பிரமிப்புதான் அதிகமாக இருந்தது. கதவு திறந்து மூடியதற்குள் உலகத்திலேயே பெரிய விஷயம் ஒன்று நடந்து முடிந்துவிட்டது, நான் அதைப் பார்க்கவில்லை என்ற குறையும் கூடவே இருந்தது.

மனைவி ரேவதி மாங்காட்டில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். நான் தினமும் சாயங்காலம் போய்ப் பேர்களை வைப்பேன், அவள் தள்ளிவிடுவாள். நிலா என்றேன். எங்கள் அபார்ட்மெண்டில் நிலா என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும் என்றாள். மழை என்றேன். ஜலதோஷம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் ஒருநாள் அல்லி என்றேன். ரேவதி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

"அல்லிய நேர்ல பாத்திருக்கியா நீ?" என்று கேட்டாள்.

படத்தில் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"படத்துல பாத்ததெல்லாம் எம் பொண்ணுக்குப் பேர் ஆவாது. ஒரு வாட்டியாச்சும் கண்ணால பாத்துட்டு வந்து அவ காதுல சொல்லு."

பார்ப்பதென்ன, பறித்து வந்து தொட்டிலிலேயே போடுகிறேன் என்று சவால் விட்டேன். பிறகு வழக்கம்போல ஆபீஸ் வேலையில் மூழ்கிவிட்டேன். தலை நிமிர்ந்தபோது பேர் வைக்கும் வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் அப்பன்காரன் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. காதில் விழுந்த பேரை அப்புறம் மாற்றவும் கூடாது. நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்திருந்த என் அம்மா இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று முதல் நாளே என்னிடம் பலமுறை சொல்லியிருந்தாள்.

அல்லிக்கு என்ன, பூந்தமல்லியில் வாங்கிக்கொண்டு போனால் ஆயிற்று என்று விடியற்காலையில் பட்டுச் சட்டையும் ஒட்டிக்கொள்ளும் வேட்டியுமாகக் கிளம்பினேன். பூக்கடையில் தாமரை இருந்தது, சம்பங்கி இருந்தது, அல்லி இல்லை. அதை யாரும் வாங்க மாட்டார்கள், ராத்திரி பூத்துக் காலையில் மூடிக்கொள்ளும் என்று கடைக்கார அம்மா சொல்லிவிட்டு, வேண்டுமானால் புது மனைகளுக்குப் பின்னால் இருக்கிற குளத்தில் கிடக்கும் என்று கையைக் காட்டினார்.

இருந்தது. குளம் முழுக்க வெள்ளை வெள்ளையாக, தண்ணீருக்கு மேலே தண்டை நீட்டிக்கொண்டு நின்றது. கரையில் பைக்கை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். முதல் அடி முழங்கால் வரை. இரண்டாவது அடி தொடை வரை. மூன்றாவது அடி என்று ஒன்று இல்லை. காலைத் தூக்கினால் கால் வரவில்லை, நான்தான் இன்னும் கொஞ்சம் கீழே போனேன். பதறித் திரும்பியதில் சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்து முங்கியது. அதைப் பிடிக்கக் குனிந்ததில் வேட்டியின் ஒட்டு பிரிந்தது. என் கண்ணெதிரே அது ஒரு பெரிய அல்லி இலை மாதிரி விரிந்து, நிதானமாக நடுக்குளத்தை நோக்கிப் போய்விட்டது.

கத்தினேன். கரையில் ஒரு மாடு திரும்பிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. அங்கே மாங்காட்டில் தொட்டிலுக்குப் பூச்சுற்றிக்கொண்டிருப்பார்கள், என் போனுக்கு மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு அப்பன் வரவில்லை என்பது என் மகளுக்குக் காலத்துக்கும் ஒரு சொல்லாகிவிடும்.

அப்போதுதான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த அல்லித் தண்டில் அது ஏறியது. தண்ணீரிலிருந்து வந்த ஒரு அழுக்குப் பூச்சி. கரப்பானையும் சிலந்தியையும் சேர்த்துச் செய்த மாதிரி இருந்தது. கடித்து வைக்குமோ என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பூச்சி பாதித் தண்டு வரை ஏறி அப்படியே நின்றுவிட்டது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் முதுகு பிளந்தது.

பிளவுக்குள்ளிருந்து வெளுத்த தலை ஒன்று வந்தது. தலை முழுக்கக் கண். பிறகு கால்கள் வந்தன. பாதி உடம்பு வெளியே வந்ததும், களைத்துப் போனதுபோல் தலைகீழாகத் தொங்கியது. அவ்வளவுதான் போலிருக்கிறது, இதற்குமேல் முடியாது போலிருக்கிறது என்று எனக்கு மூச்சு முட்டியது. திடீரென்று எக்கித் தன் பழைய தோலையே பிடித்துக்கொண்டு, மீதி உடம்பையும் உருவி எடுத்தது. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த காகிதம் கசங்கிக் கிடந்ததுபோல் ஏதோ இருந்தது. அந்தக் கசங்கல் மெல்ல மெல்ல நீள ஆரம்பித்தது.

நான் சேற்றை மறந்துவிட்டேன். வேட்டியை மறந்துவிட்டேன். நேரத்தையும் மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பின்னால் நடந்தது இப்படித்தான் இருந்திருக்குமா, ரேவதி இப்படித்தான் களைத்துத் தொங்கி மறுபடி எக்கியிருப்பாளா என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. இத்தனை பெரிய காரியம் நம் பக்கத்தில் தினமும் நடக்கிறது, நான் ஐந்தாம் மாடியில் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

"இன்னா சார், சம்சாரத்தோட சண்டையா?"

கரையில் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பேர் தனசேகர், அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது மனை வியாபாரம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கை கொடுங்கள் அண்ணா என்று கெஞ்சினேன். பத்தரை மணிக்கு பார்ட்டி மனை பார்க்க வருகிறார்கள், சட்டை அழுக்காகிவிடும், கயிறு எடுத்துவர ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். ஆனால் காத்திருக்கும் நேரத்தையும் வீணாக்க அவருக்கு மனசில்லை.

"மண்ண பாத்தியா சார்? கால வெச்சா எடுக்க முடியல, அவ்ளோ கெட்டி. இதுல ஊடு கட்னா அசையவே அசையாது. உன்னாண்ட சும்மா சொல்லல, நீயே நின்னு பாத்துகினு கீறியே."

மணி என்ன என்றேன். பத்தே கால் தாண்டிவிட்டது என்றார். அவர் போனைக் கேட்டேன். யாருக்கு அடிப்பது? ரேவதியின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. (உங்களுக்கு உங்கள் மனைவியின் எண் தெரியுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.) தெரிந்த ஒரே எண், காலேஜில் நான் வைத்திருந்த பழைய எண். அது இப்போது அம்மாவிடம் இருந்தது. தனசேகர் அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, சட்டையில் தண்ணீர் படாத தூரத்திலிருந்து கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கலே கெடக்க?" என்றாள் அம்மா. நான் குளம் என்று ஆரம்பித்ததுமே மறித்துவிட்டாள். "கதையெல்லாம் பெறவு சொல்லு. ராகு காலம் வரப் போவு. பிள்ளைக்க காதுல போன வைக்கேன், பேரச் சொல்லு மக்ளே."

தொண்டையைச் செருமினேன். அல்லி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தண்டில் இருந்த அந்தப் பூச்சி, அதுவரை ஒட்டிவைத்திருந்த சிறகுகளைச் சட்டென்று விரித்தது. நாலு சிறகு. கண்ணாடி. வெயில் அதன் ஊடாக வந்து என் முகத்தில் விழுந்தது.

"தும்பி" என்றேன்.

மறுமுனையில் அம்மா "ஒண்ணு" என்று எண்ணினாள். பிறகு அங்கே ஒரே சலசலப்பு. பூச்சிப் பேரா என்று யாரோ கேட்டார்கள். தனசேகர்கூடப் போனை விலக்கிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அங்கே போன் கைமாறியது.

"தாணு, இன்னா சொன்ன?" ரேவதிதான்.

வாய் தவறி வந்துவிட்டது, அல்லி என்றுதான் சொல்ல வந்தேன், இங்கே பூவுக்குப் பக்கத்தில் ஒரு தும்பி என்று உளறினேன். விழுந்த பேரை மாற்றக் கூடாது என்று பின்னால் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. என் மகளின் பேரைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ரேவதி கேட்டாள், "நீ அத கண்ணால பாத்தியா?"

"பொறக்கறதப் பாத்தேன் ரேவதி. மொதல்லருந்து."

நான் அழுதுகொண்டிருந்தேன். ஒரு மனை வியாபாரி முன்னால், இடுப்பளவு சேற்றில், வேட்டி இல்லாமல்.

"அப்போ பாக்கி ரெண்டையும் சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதல் முறை தவறி வந்தது. அடுத்த இரண்டும் தெரிந்தே, நிறுத்தி, என் மகளுக்காகச் சொன்னவை. மூன்றாவதைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் தண்டில் காய்ந்த தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பறந்ததை நான் பார்க்கவே இல்லை.

அப்புறம் கயிறு வந்தது. நாலு பேர் இழுத்ததில் நான் கரைக்கு வந்தேன், வேட்டி வரவில்லை. தனசேகர் பெருந்தன்மையாகத் தன் விளம்பரப் பேனர் ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் மாங்காட்டுக்குப் போய் இறங்கினேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பேர்சூட்டு விழாப் படத்தில், கையில் குழந்தையோடு நான் நிற்பேன். இடுப்பில் 'உடனே குடியேறலாம், வங்கிக் கடன் வசதி உண்டு' என்று எழுதியிருக்கும். உறவில் யாராவது முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தால் போதும், முதல் போன் எனக்குத்தான் வரும். எந்தக் குளத்தில் இறங்கலாம் என்று ஆலோசனை கேட்பார்கள்.

தும்பி இப்போது யுகேஜி படிக்கிறாள். அவளுக்கு இந்தக் கதை அலுப்பதே இல்லை. ஆனால் ஒரே ஒரு சந்தேகம் அவளுக்கு இருந்தது. அந்தத் தும்பி எங்கே போனது? போன தடவை ஊரிலிருந்து வந்த என் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா யோசிக்கவே இல்லையாம். "போன் வழியா ஒனக்க காதுக்குள்ள போயிட்டு" என்றாளாம்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் இவள் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறு காதை நீட்டி, கேட்டுப் பார்க்கச் சொல்கிறாள். வந்தவர்கள் விழிப்பார்கள். ரேவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி போடப் போய்விடுவாள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் குனிந்து அந்தக் குட்டிக் காதில் என் காதை வைக்கிறேன்.

"கேக்குதாப்பா?" என்பாள்.

கேட்கிறது என்பேன். பொய் சொல்கிறோம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.