பெல்கிக்கு நான் எழுதிக் கொடுத்த பதில் மனு

அன்புள்ள தங்கை மேவிஸுக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் வழக்கம்போல. நீயும் உன் பூனைகளும் சுகமென்று நம்புகிறேன்.

வழக்கில் தோற்றுவிட்டேன். முப்பத்தோரு வருடம் இந்த மாவட்ட நீதிமன்றச் செய்திகளை எழுதியவன் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன். எல்லையில் நிற்கும் மேப்பிள் மரத்தின் வேர் தன் கொட்டகைத் தரையைப் பிளக்கிறது, வெட்டப்போகிறேன் என்று பக்கத்து வீட்டு பெல்கி போன மார்ச்சில் சொன்னான். உனக்கு வருடாவருடம் வரும் பாகு அந்த மரத்தில் வடியும் சாற்றைக் காய்ச்சியது. மறுநாளே மனு போட்டேன். வழக்கு முடியும்வரை மரத்தைத் தொடக் கூடாது என்று நீதிபதி அம்மா தடை விதித்தார். சம்மனைக் கையில் கொடுக்க வந்த ஷெரிப்பின் ஆள் மூன்று நாள் பெல்கியின் கதவைத் தட்டிவிட்டு, நான்காம் நாள் காலை என்னிடம் வந்து, "பெல்கி எங்க இருப்பாருன்னு தெரியுமா சார்?" என்றான். "இங்கதான் இருக்கேன், வா, காப்பி குடி" என்று என் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பதில் மனுவுக்கு இருபத்தொரு நாள் கெடு. இருபதாம் நாள் பெல்கி ஒரு தாளோடு வந்தான். தேதி இல்லை, வழக்கு எண் தப்பு, கொட்டகையைப் பற்றி ஒரு வரி, என்னைத் திட்டி ஒன்பது வரி. "இதை கோர்ட்ல வாங்கவே மாட்டாங்கய்யா" என்றேன். "அப்ப நீயே எழுதேன், பெரிய நிருபர்!" என்றான். பிழையான தாளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். பிளந்த தரையை நானே போய் அளந்து, அங்குலக் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன். பிறகு சமரசப் பேச்சு, பிறகு இரண்டு வாய்தா, அதில் ஒன்று மான் வேட்டைக் காலத்துக்காக. ஜனவரியில் விசாரணை. "இருபது வருஷத்துல இவ்வளவு தெளிவான பதில் மனு நான் பார்த்ததில்ல, மிஸ்டர் பெல்கி" என்றார் நீதிபதி அம்மா. அவன் வெட்கமில்லாமல் நன்றி சொன்னான். மரத்தை வெட்டலாம் என்று தீர்ப்பு.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு. செய்யப்போவதில்லை. பெல்கிக்குக் காப்பி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இனி எவன் தாளையும் திருத்த மாட்டேன். பாகை எதிர்பார்க்காதே.

பனியில் வெளியே போகும்போது கைத்தடியை மறக்காதே. பூனைகளுக்கும் என் அன்பு.

உன் அண்ணன்,
லோர்ன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பெல்கி வந்து மேல்முறையீட்டுப் படிவத்தை மேசைமேல் வைத்தான். "இன்னிக்கு இருபத்தொன்பதாவது நாளு. நாளைக்குள்ள போட்டுடு. அது முடியுறவரைக்கும் தடை நிக்குமாம், கோர்ட்ல கேட்டுட்டேன். பாகு வடியிற நேரம்யா, எனக்கும் ரெண்டு பாட்டில் வேணும். காப்பி எங்க?" என்றான். அந்த மேல்முறையீட்டை எதிர்த்துத் தன் பதிலையும் கையோடு எழுதி வந்திருக்கிறான். அதில் நான்கு பிழைகள். திருத்திக்கொண்டிருக்கிறேன்.