பூச்சையல்ல, பூஜாரி

கரமனை,
திருவனந்தபுரம்.

மதிப்பிற்குரிய கல்லிடைக்குறிச்சி அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் வலது முழங்கால் நீங்கலாக அனைவரும் க்ஷேமம். தாங்களும் சூடாமணி அக்காவும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். தாங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து விலகி ஒன்பது நாளாகிறது, போனையும் எடுப்பதில்லை, ஆகவே இந்தத் தபால்.

என் மகள் மீரா, ஜெர்மனியில் உடன் வேலை பார்க்கும் யோனாஸ் காட்ஸ் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவது தாங்கள் அறிந்ததே. காட்ஸ் என்றால் அந்தப் பாஷையில் பூனை என்று தாங்கள் கண்டுபிடித்து, பூனை வீட்டில் சம்பந்தம் செய்கிறவன் வாசலை மிதிக்க மாட்டேன், அக்காவையும் அனுப்ப மாட்டேன் என்று குழுவில் எழுதினீர்கள். அதன் கீழே நம் குடும்பத்துப் பொடியன் மஹேஷ், பால் குடிக்கிற பூனைப் படம் ஒன்றைப் போட்டான். ஏதோ நான் போட்ட மாதிரி மீரா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் சும்மா இருப்பேனா? முப்பத்தோரு வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன். நேரே வழுதக்காட்டில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற ஜெயன் சார் வீட்டில் போய் உட்கார்ந்துட்டேன். அவர் தடித்தடியா புஸ்தகம் எடுத்துப் போட்டார். ஷ்னைடர்னா தையல்காரனாம், மியுல்லர்னா மாவு மில்காரனாம், ஜெர்மன்காரா பேர்ல பாதி தொழில்தானாம். காட்ஸ் மட்டும் யூதாள் பேராம். யூதாள்ல முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் காலத்துல குடும்பப் பேரே கிடையாதாம், நம்மளைப் போல அப்பா பேரைச் சேர்த்துப்பாளாம். அப்புறம் குடும்பப் பேர் வச்சே ஆகணும்னு ராஜாக்கள் சட்டம் போட்டதும் ரோஸன்தால், அதாவது ரோஜாப் பள்ளத்தாக்குன்னு அழகழகா வச்சுண்டவா உண்டாம். ஆனா காட்ஸ் அதுக்கும் முந்தினது. ஹீப்ருவிலே கோஹேன் ஸெதெக்னு ரெண்டு வார்த்தை, நீதி தவறாத பூஜாரின்னு அர்த்தம், அதைச் சுருக்கித்தான் காட்ஸ்னு சொல்றா. இந்த ஊர் மலையாளத்திலே பூனைக்குப் பூச்சைன்னு பேரில்லையா, ஜெயன் சார் கண்ணாடியைக் கழட்டிட்டு, "பூச்சையல்ல சாரே, பூஜாரியாக்கும்" என்றார்.

அன்னிக்கே பழைய பத்திரிகையைத் தூக்கிப் போட்டுட்டு, மாப்பிள்ளை பேருக்குக் கீழே 'புராதன யூத புரோகித வம்சம்'னு சேர்த்துப் புதுசா அடிக்கக் கொடுத்தேன். தெரு முழுக்கச் சொல்லியாச்சு. சாஸ்திரிகள்கூட கோத்திரம் என்னன்னு கேட்டார், விசாரிச்சுச் சொல்றேன்னேன். முந்தாநாள் சம்பந்தி, பிள்ளை யோனாஸோடே தம்பானூர் ஸ்டேஷன்ல வந்து இறங்கினார். பூர்ணகும்பத்தோடே போய் நின்னேன். அவர் தேங்காயை எடுத்து என் கையிலே கொடுத்துட்டு, மாவிலையை ஒதுக்கி, கும்பத்து ஜலத்தை மடமடன்னு குடிச்சுட்டார். கூட வந்தவா பதறிப் போயிட்டா. எனக்குப் பதட்டமே இல்லை. தீர்த்தத்தைக் கண்டா விடாதவர், பரம்பரை பூஜாரி இல்லாம வேற யாரு?

ஆகையால் தாங்கள் மனசு மாறி, அக்காவுடன் இருபதாம் தேதிக்குள் வந்துசேர வேண்டியது. தாயில்லாத பெண்ணுக்கு நலங்கு வைக்க அத்தை வராமல் முடியாது. பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
பஞ்சாபகேசன்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் சம்பந்தி வந்தார். யோனாஸ் புதுப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கத்தை அவருக்கு ஜெர்மனில் படித்துச் சொன்னான். மனுஷர் வயிற்றைப் பிடிச்சுண்டு சிரிச்சார். அவா யூதாளே இல்லையாம். தலைமுறை தலைமுறையா சர்ச்சுக்குப் போற விவசாயக் குடும்பமாம். முன்னோர் ஒருத்தர் சத்திரம் நடத்தினாராம், வாசல் பலகையிலே பூனை வரைஞ்சிருந்ததாம், அதனால காட்ஸ். கும்பத்து ஜலம் குடிச்சது தாகத்துக்காம். சுத்தமா பூனைதான் அத்திம்பேர், பத்திரிகை ஐந்நூறும் தபால்ல போயாச்சு. எனக்குத் தலை நிமிரலை. மீரா பக்கத்துல வந்து உட்கார்ந்து, "பூனைன்னா நீங்களும் வரமாட்டேளாப்பா?" என்று கேட்டாள். நான் வருவேன்னு சொல்லிட்டேன். மேலே எழுதினதை எல்லாம் அடிச்சுட்டுப் படியுங்கோ. அக்காவை அழைச்சுண்டு வாங்கோ.