ஸ்பேனர் அண்ணன் தொட்ட இன்ஜின்

தன்னைப் பற்றித் தானே இவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்ட மனிதர், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரைக்கும் தேடினாலும் கிடைக்கமாட்டார். லைட்ஹவுஸ் குப்பத்தில் அவருக்குப் பெயர் ஸ்பேனர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

லுங்கி இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர். கல்யாண வீட்டுக்கும் அது கூடவே வரும். எங்காவது படகு இன்ஜின் கண்ணில் பட்டால், "ஓரமா நவுரு நைனா" என்று உட்கார்ந்துவிடுவார். ஓடாத இன்ஜின் அவர் கைபட்டு ஓடியதாகச் சரித்திரமே இல்லை. ஓடியது நின்றதற்குக் குப்பமே சாட்சி.

"இன்னாண்ணே, காலைல நல்லாத்தானே ஓடிச்சு?"

"உள்ள நோவு இருந்துச்சுப்பா. நான்தான் வெளிய கொண்டாந்தேன்."

நானும் மச்சானும் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். ஒருநாள் ஆள் குறைந்ததால் இவரை ஏற்றிக்கொண்டோம். புத்தி கெட்ட வேலை. வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது, "சத்தம் சரியில்ல" என்று நடுக்கடலில் இன்ஜினைப் பிரித்தார். கத்திப் பார்த்தோம், கேட்கவில்லை. திரும்ப மாட்டியது எப்படியோ ஓடி, முகத்துவாரத்துக்கு நேரே வந்ததும் இருமிவிட்டு நின்றது.

கடலிலிருந்து ஏரிக்குள் நுழையும் அந்த வாயில் மண் மேடிட்டு, இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருந்தது. போன மாதம் போன வழி அங்கே இந்த மாதம் இருக்காது. பக்கவாட்டில் ஒரு அலை அடித்தால் மூன்று பேரும் காலி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது.

ஸ்பேனர் துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் எழுந்து நின்றார்.

"வெளுப்பா இருக்கறது மண்ணு. கருப்பா நெளியுது பாரு, அதான் வழி. இரு, ரெண்டு அலை போவட்டும். இப்போ வலி!"

நானும் மச்சானும் துடுப்பு வலித்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழாமல் படகு ஏரிக்குள் வந்துவிட்டது. வழியெல்லாம் அவர் புலம்பியது கார்பரேட்டரைப் பற்றித்தான்.

கரையில் மச்சான் அவர் காலில் விழாத குறை. "அண்ணே, இனிமே எங்க போட்டுக்கு நீதாண்ணே சுக்கான் புடிக்கணும்."

ஸ்பேனருக்கு முகம் சுண்டிவிட்டது. "தண்ணியப் பாத்தா தெரியுது. அது ஒரு வேலையா? நான் மெக்கானிக்குப்பா!"

கை கிழிந்து, கிரீஸ் அப்பி, நாள் முழுக்க முக்கி முனகினால்தான் அவருக்கு அது திறமை. தானாக வருவதை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எத்தனை முறை சொல்லியும் அந்த மண்டையில் ஏறவில்லை.

கடைசியில் நாங்கள்தான் இறங்கி வந்தோம். பழைய இரும்புக் கடையில் செத்த இன்ஜின் ஒன்றை வாங்கி அவர் வீட்டு வாசலில் போட்டோம். ஆசை தீரப் பிரிக்கட்டும். எங்கள் படகிலும் இப்போது அவர்தான் மெக்கானிக். இன்ஜின் மூடிக்குப் பூட்டுப் போட்டிருப்பதால், காதால் கேட்டு மட்டும் நோவு சொல்கிறார். தினமும் சண்டைதான். ஆனாலும் முகத்துவாரம் நெருங்கும்போது, எனக்குப் பின்னால் அவர் எழுந்து நிற்கிற அரவம் கேட்ட பிறகுதான் வீட்டில் என்ன குழம்பு என்ற யோசனையே எனக்கு வரும்.